ஆவுடையம்மாளுக்கு வராத விக்கல்

பொட்டலூர் என்று ஒரு ஊர், அந்த ஊருக்கு வெளியே செம்மண் பொட்டலில் ஒரு பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஆனி ஆடிக் காற்றுக்கு ஓயாமல் சுற்றுகிற காற்றாலைகள், அந்தக் காற்றாலைகளின் நிழல் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறுகிற நூலகம், அந்த நூலகத்தின் இரண்டாவது மாடியில் ஆவுடையம்மாளின் வகுப்பு. இருபத்திரண்டு வருடமாக அது அவளுடைய வகுப்பு. புதிதாகச் சேர்கிற மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு தகவலை எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படி எடைபோடுவது, எங்கிருந்து எடுத்தோம் என்பதை எப்படிக் குறிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்து, முடிவில் நாற்பது மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்து, தேறியவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பது துணை நூலகரான அவளுடைய வேலை. பல்கலைக்கழகம் அதற்குத் தகவல் அறிதிறன் பயிற்சி என்று பெயர் வைத்திருந்தது, மாணவர்கள் லைப்ரரி கிளாஸ் என்றார்கள், ஆவுடையம்மாள் என் வகுப்பு என்றாள்.

எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்பது அவளுடைய பாடம். யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை வைத்துச் சொன்னது, யாருக்காகச் சொன்னது. இந்த நான்கையும் நீலப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள். தேர்விலும் அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. இணையத்திலிருந்து ஒன்றை எடுத்தால் அதன் கீழே 'பார்த்த நாள்' என்று போட்டு, அந்தப் பக்கத்தை எந்தத் தேதியில் திறந்து பார்த்தோம் என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் நான்கு மதிப்பெண் போய்விடும், அழுதாலும் வராது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக ஆய்வு செய்கிற, நாற்பத்து நான்கு வயதான சூசைமாணிக்கம் இந்த நான்கு மதிப்பெண்ணால் மட்டுமே மூன்று முறை தோற்றிருந்தார். மூன்று முறையும் "சரிங்க மேடம், அடுத்த தடவை எழுதிருதேன்" என்று சொல்லிவிட்டுப் பால் வண்டியில் ஏறிப் போனார்.

அந்த வருடம் கூட்டம் அதிகமானதால் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாவது பிரிவை, ஒன்பது மாதம் முன்பு தற்காலிகமாகச் சேர்ந்திருந்த செல்வக்கனியிடம் கொடுத்தார்கள். கனிக்கு இருபத்தெட்டு வயது. திரையில் படம் காட்டுகிற பழக்கமோ, தாள் கொடுக்கிற பழக்கமோ அவளுக்கு இல்லை. மேசை விளிம்பில் சாய்ந்து நின்றுகொண்டு, "இன்னைக்குக் காலையில உங்க வீட்டு வாட்ஸ்அப்ல என்ன வந்துச்சு, ஒண்ணு சொல்லுங்க" என்பாள்.

முதல் நாள் தாவரவியல் படிக்கிற ரோஸ்லின் எழுந்து, "வெந்தயத்தை ஊற வச்சுக் குடிச்சா சுகர் அடியோட போயிரும்" என்றாள்.

"யாரு சொன்னா?" என்று கனி கேட்டாள்.

"எங்க அத்தை."

"அத்தைக்கு யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்லுதாங்க அக்கா."

"எல்லாருக்கும் யாரு சொன்னா?"

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை, விக்கல் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், சர்க்கரை கொடுத்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், உன் ஹாஸ்டல் ரூமைச் சோதனை போடுகிறார்கள் என்று பயமுறுத்தினார்கள், எதற்கும் நிற்கவில்லை. கடைசியில் அவள் விக்கிக்கொண்டே அத்தைக்குப் போன் போட, அத்தை எதிர்வீட்டு மதினியைக் கேட்க, மதினி தன் வீட்டுக்காரரைக் கேட்க, பஸ் ஸ்டாண்டு வாசலில் வெந்தயக் கஞ்சி விற்கிற ஆள் சொன்னதாகத் தெரியவந்தது. தெரிந்த நொடியில் விக்கல் நின்றது. கனி ஆச்சரியப்படவில்லை. "யாருக்காகச் சொன்னாருன்னும் தெரிஞ்சிட்டுல்லா? அடுத்த ஆள் எந்திரிங்க" என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் அறுபது பேருக்கும் வந்துவிட்டது.

அந்த விக்கலுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. யார் சொன்னது என்று அடுத்தவர் மூன்று முறை கேட்டு, மூன்றாவது முறை எவர் பதிலில்லாமல் நிற்கிறாரோ அவருக்கு அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத வாக்கியம் காதில் விழுந்தால் விக்கும், எங்கிருந்து என்று சொன்னதும் நிற்கும். சொன்னது மெய்யா பொய்யா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மேற்கே மழை பெய்கிறது என்றால் விக்கும், ஜன்னல் வழியாக நானே பார்த்தேன் என்றால் நிற்கும். எனக்குப் பசிக்கிறது என்பதற்கு மட்டும் யாரும் விக்கவில்லை.

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்றுதான் பொட்டலூர் அதுவரை நம்பியிருந்தது. நினைக்கிறவர் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பதும், சரியான பெயர் வந்ததும் விக்கல் நிற்பதும் அங்கே வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். அதனால் பெண்பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் "யாருட்டி அவன், உன்னை இப்படி நினைக்கவன்?" என்று கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள், வகுப்பிலுள்ள பையன்களின் பெயரையெல்லாம் வருகைப் பதிவேடு போல வாசித்தார்கள். ஐந்து வீட்டில் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் வயதையும் வேலையையும் சொல்லச் சொல்ல, காபித் தட்டோடு நின்ற பெண்கள் இன்னும் பலமாக விக்கினார்கள். அதற்குப் பிறகுதான் தாய்மார்களுக்கு விஷயம் புரிந்தது, புரிந்ததும் பிள்ளைகளைத் திட்டுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டிலும் சொல்வதைச் சோதித்துப் பார்க்க அந்தப் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போனார்கள்.

பிள்ளைகள் வீட்டில் கேட்டார்கள், வீட்டிலிருந்தவர்கள் கடையில் கேட்டார்கள், கடையிலிருந்தவர்கள் பஸ்ஸில் கேட்டார்கள், ஆடி பிறப்பதற்கு முன் ஊர் முழுக்க விக்கல் பரவி, ஊரும் அதோடு வாழப் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் 'இங்கே அரசியல் பேசாதீர்' என்ற பலகையைத் திருப்பி, 'யார் சொன்னது என்று சொல்லிவிட்டுப் பேசவும்' என்று எழுதி மாட்டினார். துணைவேந்தர் ஒரு விழாவில், தென்பாண்டி நாட்டிலேயே நமது பல்கலைக்கழகம்தான் முதன்மையானது என்று முழங்கியபோது முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை விக்கல் அலையாகப் போயிற்று, அவருடைய உதவியாளர் ஓடிவந்து, சென்ற ஆண்டறிக்கையில் பன்னிரண்டாம் பக்கத்தில் நாமே சொல்லியிருக்கிறோம் என்று மைக்கில் சொன்னதும் அடங்கிற்று. வம்பு குறைந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வம்புக்கு இப்போது நாள், நேரம், சாட்சி எல்லாம் சேர்ந்துகொண்டதால் முன்பைவிட வலுவாக நடந்தது.

ஆவுடையம்மாளுக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. வயிறு எரிந்தது, மாடிப்படியில் யாராவது விக்கிக்கொண்டு ஏறினால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு விக்கல். தன் வகுப்பில், தன் பாடத்தால், தான் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் விக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள், அவர்களில் ஒருவருக்காவது தொண்டையில் ஒரு சின்ன அசைவாவது வந்திருக்க வேண்டாமா?

அவளும் கேட்டுப் பார்க்காமல் இல்லை. பாடத்தாளிலிருந்து ஒரு வரியை வாசித்துவிட்டு, "யாரு சொன்னா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "நீங்கதான் மேடம்" என்றது. இன்னொரு முறை கேட்டாள். நீங்கதான் மேடம். மூன்றாவது முறை மேசையைத் தட்டிக் கேட்டாள். பயந்துபோய் இன்னும் சத்தமாக நீங்கதான் மேடம் என்றார்கள். அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் ஆதாரம் அவளாகவே இருந்ததால், வெளியே எதற்கெடுத்தாலும் விக்குகிறவர்கள்கூட அவள் வகுப்புக்குள் வந்தால் ஒழுங்காக மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்கும் விக்கல் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே மூன்று முறை கேட்டுக்கொண்டாள், அது கணக்கில் சேராது போலிருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. கனியின் வகுப்பு நடக்கும்போது அடுக்குகளைச் சரிபார்க்கிற சாக்கில் கதவோரம் நின்றாள். துணை நூலகரிடம் வந்து உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்கிற துணிச்சல் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இல்லை. என்னைக் கேளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் அவள் கணவர் சங்கரலிங்கம் இருந்தார், தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், தினமும் டீக்கடைக்குப் போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஆவுடையம்மாள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அந்தக் கனிக்குப் பாடமே நடத்தத் தெரியாது. தண்ணியில எதையோ கலந்து குடுத்து விக்க வைக்கா" என்றாள்.

சங்கரலிங்கம் விக்கினார். புளிக்குழம்பு மூக்கில் ஏறியது.

"உங்களுக்கும் வந்துட்டா?" என்று ஆவுடையம்மாள் கேட்ட குரலில், வேறொருத்தியோடு அவரைப் பார்த்துவிட்டதைப் போன்ற ஆத்திரம் இருந்தது.

"டீக்கடையில... வந்துச்சு. அது கெடக்கட்டும். தண்ணியில கலக்கான்னு... யாரு சொன்னா?"

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டாள். இரண்டாவது முறை கேட்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பாவம், அன்று சாயங்காலம்வரை விக்கினார், பிறகு அவராகவே "என் பொண்டாட்டி மனசுலேருந்துதான் வந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தார், நின்றுவிட்டது.

அடுத்த வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள் அடங்கிய தர மதிப்பீட்டுக் குழு பதினாறாம் தேதி வரப்போகிறது, மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பதற்கு அளவுகோல் கேட்பார்கள், நூலகம் என்ன காட்டப்போகிறது என்று பதிவாளர் கூட்டம் போட்டார். ஆவுடையம்மாள் இருபத்திரண்டு வருட விடைத்தாள்களையும், வகுப்புக்கு முன் எத்தனை மதிப்பெண், பின் எத்தனை மதிப்பெண் என்ற அட்டவணைகளையும் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். பதிவாளர் அவற்றைத் திறக்கவில்லை. "மேடம், கனி பாருங்க, தேர்வே வைக்கலை. விக்கலைத்தான் எண்ணியிருக்காங்க. அறுபதுக்கு அறுபது. இதைவிடத் தெளிவா எதைக் காட்ட முடியும்? வர்ற பருவத்திலேருந்து ரெண்டு பிரிவையும் கனியே எடுக்கட்டும், உங்க நாப்பது மார்க் தேர்வை நிப்பாட்டிருவோம். நீங்க கீழ்த்தளத்துல பழைய இதழ்களைப் பாத்துக்கிடுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தாள். வகுப்பு போய்விட்டால் அவளிடம் வேறென்ன இருக்கிறது?

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயுள்ள ஒரு கணினி மையத்தில், மூலையில் உட்கார்ந்து, நம் ஊர் அலுவலகங்களுக்கெல்லாம் நன்றாகப் பழக்கமான ஒரு மொட்டைக் கடுதாசியை ஆவுடையம்மாள் தட்டச்சு செய்தாள். யார் எழுதியது என்று தெரியாத தாளைத் தொடவே கூடாது என்று பல்லாயிரம் பேருக்குச் சொன்ன அதே விரல்கள் தடுமாறாமல் வேலை செய்தன. செல்வக்கனி தேர்வே வைக்காமல் அறுபது பேருக்கும் தேர்ச்சி போட்டிருக்கிறார், வருகைப் பதிவேடு, பக்கம் 46. சில மருந்துகளைச் சாப்பிட்டால் விக்கல் வரும் என்று மருத்துவ இணையதளம் ஒன்று கூறுகிறது, அதன் முகவரி கீழே. அப்படிப்பட்ட மருந்தை அவர் மாணவர்களின் குடிநீரில் கலக்கிறார். அவருடைய பட்டச் சான்றிதழ் போலியானது. அவருக்குப் பாடம் நடத்தவே தெரியாது. இப்படிக்கு, நலம் விரும்பி. எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தாள். இணையதள முகவரிக்குக் கீழே ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கை தானாக ஒரு வரியைச் சேர்த்தது. உறையில் போட்டு, ஒட்டி, குழுத் தலைவர் பெயருக்குத் தபாலில் சேர்த்துவிட்டு, ஒரு கரும்புச்சாறு குடித்தாள்.

குழு வந்தது. தலைவர் நேர்மையில் பிடிவாதமுள்ள மனிதர், வந்த கடிதத்தை மறைத்து வைப்பது முறையில்லை, எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள் என்று பதிவாளர் கையில் கொடுத்தார். கருத்தரங்கக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். பக்கம் 46 என்று வாசித்தபோது அமைதியாக இருந்தது. இணையதளம் கூறுகிறது என்றபோதும் அமைதிதான். குடிநீரில் கலக்கிறார் என்றதும் முதல் விக்கல் கேட்டது. சான்றிதழ் போலியானது என்றபோது கூடமே விக்கியது, பாடம் நடத்தவே தெரியாது என்பதை வாசிக்க முடியாமல் பதிவாளரும் விக்கினார். எழுதியவர் யார் என்று தெரியாததால் எதுவும் நிற்கவில்லை. உதவியாளர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார், சமையல்காரர் பெயர்வரை சொன்னார். ஆவுடையம்மாள் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குத்தான் விக்கலே வராதே, அவள் விக்காமல் உட்கார்ந்திருப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றியது.

யார் சொன்னது என்று கூடத்தில் ஆளாளுக்கு மூன்று முறை கேட்டதில் குழுவுக்கும் ஒட்டிக்கொள்ள, விக்கிக்கொண்டே வேன் ஏறியது. அதற்குள் கடிதத்தை யாரோ போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள், அன்று மாலைக்குள் பொட்டலூர் முழுவதும் அதைப் படித்து, படித்தவர் படிக்காதவருக்கு வாசித்துக் காட்டி, ஊரே நிறுத்தமில்லாமல் விக்கத் தொடங்கியது. பஸ் ஓட்டுநர் விக்கிக்கொண்டே கியர் மாற்றினார். கோயிலில் அர்ச்சனை அரைவாசி மந்திரத்தோடு நின்றது. கைக்குழந்தைகள் மட்டும் நிம்மதியாகத் தூங்கின. விசாரணை முடியும்வரை கனி வகுப்பெடுக்கக் கூடாது, ஆவுடையம்மாளே இரண்டு பிரிவுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அந்த உத்தரவைக் கையில் வாங்கியபோது ஆவுடையம்மாளுக்கு இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய். வெள்ளிக்கிழமை காலை நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, நீலப் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பிரிவும் சேர்ந்து நூற்றுப் பத்துப் பேர் விக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் கனி இருந்தாள். மூன்று நாளாக அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை, உதடு காய்ந்திருந்தது, விக்கல் வரும்போதெல்லாம் தோள் இரண்டும் குலுங்கின. தன்னைப் பற்றியே எழுதியிருந்ததால் அவளுக்கு மற்றவர்களைவிடக் கடுமையாக இருந்தது.

"நீங்க... இங்க எதுக்கு வந்தீங்க?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"வீட்டுல... இருக்க முடியல மேடம். நீங்க எடுங்க. உங்க கிளாஸ்தான... நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

இனிப்பு அந்த இடத்தில் கசந்தது. ஆனாலும் ஆவுடையம்மாள் தொடங்கினாள். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று பலகையைத் தொட்டாள். அப்போது மூன்றாவது வரிசையில் சூசைமாணிக்கம் எழுந்தார். நான்காவது முறையாக அந்தப் பாடத்தைக் கேட்க வந்திருந்தார். நான்காக மடித்த ஒரு தாள் அவர் கையில் இருந்தது.

"மேடம், புத்தகத்துல உள்ளதை வச்சு... எனக்கு மூணு தடவையும் ஏறல. ஊரே விக்குதே இந்தக் கடுதாசி... இதை வச்சுச் சொல்லிக்குடுங்களேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள், கிடைக்கவில்லை. "சரி, நீங்களே கேளுங்க" என்றாள்.

"முதல்ல, யார் சொன்னது." சூசைமாணிக்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விக்கலுக்கு நடுவே இடம் பார்த்துப் பார்த்துப் பேசினார். "கனி மேடம் தண்ணியில மருந்து கலக்காங்கன்னு இருக்கு. யாரு சொன்னா மேடம்?"

"போட்டிருக்கா பாருங்க."

"போடலை. அவங்க சான்றிதழ் போலின்னு இருக்கு. யாரு சொன்னா மேடம்?"

"அதுக்கும்... பேர் இல்லை."

"அவங்களுக்குப் பாடம் நடத்தவே தெரியாதுன்னு இருக்கு." அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். "யாரு சொன்னா மேடம்?"

ஆவுடையம்மாளிடம் பதில் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் பிறரைக் கேட்ட கேள்வியை முதல்முறையாக இன்னொருவர் அவள் முகத்துக்கு நேரே மூன்று முறை கேட்டிருந்தார். காற்றாலையின் நிழல் அவள் மேசையைக் கடந்து போயிற்று.

"ரெண்டாவது, எப்போ சொன்னது. கடுதாசியில தேதி இல்லை. ஆனா இந்த இணையதளத்துக்குக் கீழ 'பார்த்த நாள், 12 ஜூலை' அப்படின்னு ஒரு வரி இருக்கு." சூசைமாணிக்கம் அந்த இடத்தில் விரலை வைத்தார். "இந்த ஒரு வரியை எழுதாமத்தான் மேடம் எனக்கு மூணு தடவையும் நாலு நாலு மார்க் போச்சு. எங்க சங்கத்துல யாரும் இதை எழுத மாட்டாங்க. கோர்ட்டுக்காரங்க எழுத மாட்டாங்க. கனி மேடமும் இதைக் கேக்க மாட்டாங்க. மூணாவது, எதை வச்சுச் சொன்னது. வருகைப் பதிவேடு, பக்கம் 46. அந்தப் பதிவேடு உங்க அலமாரியில இருக்கு, சாவி உங்க இடுப்புல இருக்கு."

சூசைமாணிக்கம் தாளை மெதுவாக மடித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கணக்குக்கு விடை வந்துவிட்ட நிதானம்தான் இருந்தது.

"நாலாவது கேள்விக்குத்தான் எனக்கு விடை தெரியல மேடம். யாருக்காக எழுதுனீங்க?"

மறுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். விக்கல் வராதவள் என்ற பெயர் இன்னும் அவளுக்குத் துணை இருந்தது, ஒரு பால் சங்கத்துக்காரர் சொல்லைப் பதிவாளர் எவ்வளவு தூரம் நம்பிவிடுவார். கடைசி பெஞ்சில் கனியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் உண்மையைச் சொன்னால், அவளை நிமிர வைத்தது அந்தத் தோள்கள் அல்ல. 'பார்த்த நாள்' என்ற வரியில் இருந்த அந்த விரல்தான். ஒரு தாளை அப்படித்தான் படிக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லையும் அப்படித்தான் தட்டிப் பார்க்க வேண்டும், அதைத்தான் அவள் இத்தனை காலமும் கத்திக்கொண்டிருந்தாள், அவள் கண்ணெதிரே ஒருவர் அதைச் செய்து முடித்திருந்தார்.

"எனக்காக" என்றாள். பிறகு, ஆதாரப் பட்டியலில் எழுதுகிற அதே வரிசையில் சொன்னாள். "ஆவுடையம்மாள், துணை நூலகர். பன்னிரண்டு ஜூலை, சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை மணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல உள்ள கம்ப்யூட்டர் சென்டர். நான்தான் எழுதுனேன். மருந்து, போலிச் சான்றிதழ், பாடம் நடத்தத் தெரியாதுங்கது, மூணும் என் வயித்தெரிச்சல்ல இருந்து எடுத்தது. வேற ஆதாரம் இல்லை."

முன்வரிசையில் நின்றது. அடுத்த வரிசையில் நின்றது. வரிசை வரிசையாகப் பின்னால் போய், கடைசி பெஞ்சில் கனியின் தோள்கள் அசைவற்று நின்றன. யாரோ போனில் ஊருக்குச் சொன்னார்கள், நூலகத்தில் நின்றது, விடுதியில் நின்றது, பஸ் ஸ்டாண்டில் நின்றது, மூன்று நாளாகப் பாதியில் நின்றிருந்த அர்ச்சனையை அர்ச்சகர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கனி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, ஆவுடையம்மாளைப் பார்த்தபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பதிவாளரின் ஓலை மத்தியானத்துக்குள் வந்துவிடும், கீழ்த்தளமோ அதற்கும் கீழே ஏதாவதோ, அது ஆவுடையம்மாளுக்குத் தெரியும். அலமாரியைத் திறந்து மதிப்பெண் பதிவேட்டை எடுத்தாள். சூசைமாணிக்கத்தின் பெயருக்கு நேரே மூன்று தோல்விகள் இருந்தன. நான்காவது கட்டத்தில் நாற்பதுக்கு நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பதிவேட்டில் அதுவரை அவள் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை.

சூசைமாணிக்கம் மேசைக்கு அருகே வந்து எட்டிப் பார்த்தார். தாளைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ரொம்ப நல்லாச் சொல்லிக்குடுத்திருக்கீங்க மேடம்" என்றார்.

ஆவுடையம்மாள் விக்கினாள்.

அது அவளைத் தூக்கிப் போட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நூற்றுப் பத்துப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதை... எதை வச்சுச் சொல்லுதீங்க?" என்று விக்கலுக்கு நடுவே கேட்டாள்.

சூசைமாணிக்கம் யோசித்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார்.

"என்னை வச்சுத்தான் மேடம்" என்றார்.

விக்கல் நின்றது. ஆவுடையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலாக, கடைசி பெஞ்சில் காலிப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த கனியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "பின்னாடி கேக்கலை."